நியூரோசயின்ஸ் ஆசை, கையில் வேறு டிகிரி: வடசென்னைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் வளர்ந்து, பி.எஸ்சி இயற்பியல் முடித்து, இப்போது மூளை சம்பந்தப்பட்ட ஆராய்ச்சியில் இருக்கிறேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து காலேஜ் அட்மிஷன் முடியும்வரை என் போன் ஓயாது. பழைய ஸ்கூல் டீச்சர் நம்பர் கொடுத்தார் என்று ஒருவர், பக்கத்துத் தெரு அத்தை சொன்னார் என்று ஒருவர். எல்லோருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் போட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, பி.எஸ்சி நியூரோசயின்ஸ் நம்ம பக்கம் எந்தக் காலேஜ்ல இருக்கு?

எதிலும் இல்லை. சர் தியாகராயா, பாரதி மகளிர், வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரி என்று தேடி அலைய வேண்டாம். நாட்டிலேயே அந்தப் பெயரில் இளநிலைப் பட்டம் அபூர்வம்.

இதனால் குடி முழுகிவிடவில்லை. மூளை ஆராய்ச்சியில் பெயர் வாங்கியவர்களில் பலர் வேறு பட்டத்தோடு உள்ளே வந்தவர்கள். நாம் எங்கே இருக்கிறோம் என்பதை மூளை எப்படி அறிகிறது என்று கண்டுபிடித்ததற்காக 2014-ல் மருத்துவ நோபல் வாங்கிய மூன்று பேரும் உளவியல் படித்தவர்கள். மூளையைப் பார்த்து அமைத்த செயற்கை நரம்பு வலைப்பின்னல்களுக்காக 2024 இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட ஜெஃப்ரி ஹின்டனும் இளநிலையில் படித்தது சோதனை உளவியல்தான். அவரோடு பகிர்ந்துகொண்ட ஜான் ஹாப்ஃபீல்டு இயற்பியல்காரர்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். துணை மருத்துவப் படிப்புகளில் 'நியூரோ எலெக்ட்ரோ பிசியாலஜி' என்று ஒரு பி.எஸ்சி உண்டு. அது ஆஸ்பத்திரியில் மூளையின், தசையின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் இஇஜி, இஎம்ஜி சோதனைகளை எடுக்கும் வேலைக்கான படிப்பு. நல்ல படிப்பு, வேலையும் கிடைக்கும். ஆனால் நீங்கள் தேடுவது ஆராய்ச்சி என்றால் இது வேறு ரூட்.

அப்போ எந்த மேஜர் எடுக்கறது?

எந்தப் பாடத்தை யாரும் விரட்டாமலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து போட முடிகிறதோ, அதை. நான் மழுப்பவில்லை, உண்மையிலேயே அதுதான் அளவுகோல். மூளை எல்லாத் துறைக்கும் வேலை வைத்திருக்கிறது. இயற்பியல், கணிதம் படித்தவர்கள் நரம்பின் மின்துடிப்பைச் சமன்பாடாக எழுதுகிறார்கள். விலங்கியல், உயிர்வேதியியல் படித்தவர்கள் செல்லுக்குள் போகிறார்கள். உளவியல் படித்தவர்களுக்கு மனிதர்களை வைத்துச் சோதனை அமைக்கத் தெரியும். அது பார்ப்பதற்குத்தான் சுலபம், செய்ய மிகக் கஷ்டம். கணினி அறிவியல் படித்தவர்கள் இல்லாமல் இன்றைக்கு மூளைப் படம் ஒன்றைக்கூடப் பிரித்துப் படிக்க முடியாது.

உளவியல்தான் வேண்டும் என்றால் கொஞ்சம் தெற்கே போக வேண்டியிருக்கும். மாநிலக் கல்லூரியில் அந்தத் துறை இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கும்.

'பல துறை' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எட்டு ஆன்லைன் சர்டிபிகேட் இருக்கும். ஒரு தரவுத் தொகுப்பைக் கொடுத்து வரைபடம் போடச் சொன்னால் கை ஓடாது. ஆராய்ச்சிக் கூடத்தில் முதல் நாள் கேட்பது "உனக்கு என்ன செய்யத் தெரியும்?" என்றுதான். அதற்கு ஒரே ஒரு உறுதியான பதில் வேண்டும். அந்தப் பதிலைத் தருவது உங்கள் மேஜர். மற்ற துறைகளில் அவர்கள் பேசுவது புரிந்து, திருப்பிக் கேள்வி கேட்கும் அளவுக்குத் தெரிந்தால் இளநிலைக்குப் போதும்.

ப்ளஸ் டூல பயாலஜி எடுக்கல. கம்ப்யூட்டர் குரூப். வாய்ப்பு இருக்கா?

தாராளமாக. ப்ளஸ் டூ வேதியியலில் மின்வேதியியல் பாடத்தில் நெர்ன்ஸ்ட் சமன்பாடு படித்தீர்களே, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அதே சமன்பாடு, அதை எடுங்கள். நரம்புச் செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அயனி லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே சுமார் 5. உடல் வெப்பநிலையில் இந்த இரண்டு எண்களையும் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய மைனஸ் 89 மில்லிவோல்ட் வரும். சும்மா இருக்கும் நரம்புச் செல்லில் அளந்தால் கிடைப்பது மைனஸ் 70-க்குப் பக்கம். ஏன் அந்த 19 மில்லிவோல்ட் வித்தியாசம்? சோடியமும் கொஞ்சம் உள்ளே கசிகிறது, அதனால். இதைப் புரிந்துகொண்டால் நரம்பறிவியல் பாடப்புத்தகத்தின் முதல் சில அத்தியாயங்கள் பயமுறுத்தாது.

அடுத்து இயற்பியலில் மின்தேக்கி. செல்லின் சவ்வு ஒரு மின்தேக்கிபோல வேலை செய்கிறது. இதை வைத்துத்தான் இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பெரிய நரம்பிழையில் அளந்து, 1952-ல் நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகள் எழுதினார்கள். 1963-ல் நோபல். காசிமேட்டில் கிலோ கணக்கில் ஏலம் போகும் கணவாய்க்குச் சொந்தக்கார இனம்தான். அந்த இழை அரை மில்லிமீட்டர், சிலசமயம் அதற்கும் மேல் தடிமன் இருப்பதால் உள்ளே கம்பி நுழைத்து அளக்க முடிந்தது.

பயாலஜி இல்லாததை ஈடுகட்ட, பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் நரம்புக் கட்டுப்பாடு பற்றிய பாடத்தைப் படியுங்கள். ஆரம்பத்துக்கு அது போதும்.

பொண்ணு நீட் எழுதினா, மார்க் வரல. இது படிச்சா டாக்டர் மாதிரி ஆயிடலாமா மா?

ஆக முடியாதுங்க அம்மா. பிஎச்டி முடித்தால் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம். நோயாளிக்கு மாத்திரை எழுதித் தர முடியாது. அவள் மனசு வைத்தியம் பார்ப்பதில் இருந்தால் மறுபடி நீட் எழுதட்டும், இல்லை நர்சிங், பிசியோதெரபி மாதிரிப் பக்கம் பார்க்கட்டும். நீட் வராத வருத்தத்துக்கு மருந்தாக இதில் சேர்த்துவிட்டால் மூன்று வருஷமும் அவள் வெள்ளைக் கோட்டையே நினைத்துக்கொண்டிருப்பாள். 'ஏன் இப்படி நடக்கிறது' என்று குடைந்துகொண்டே இருக்கிற பிள்ளைக்கு மட்டும்தான் இது சரிப்படும்.

இரண்டையும் சேர்த்தவர்களும் இருக்கிறார்கள். பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் படித்தவர்தான் மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன். அப்புறம் கேம்பிரிட்ஜ் போய்ப் பார்வை பற்றி ஆராய்ந்தார். கை துண்டிக்கப்பட்ட பலருக்கு இல்லாத கையில் வலிக்கும். 1990-களில் அவர் ஒரு பெட்டியில் கண்ணாடி வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கை போலக் காட்டினார். சிலருக்கு அந்த வலி குறைந்தது. மருத்துவமும் பார்வை பற்றிய உளவியலும் சேர்ந்த ஒரு சோதனை, செலவு ஒரு கண்ணாடியும் அட்டைப்பெட்டியும். ஸ்டான்லி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

மேஜர் பாடத்துக்கே நேரம் இல்ல. மத்த துறையை எப்போ படிக்கறது?

காலேஜ் பாடத்திட்டத்திலேயே இடம் இருக்கிறது. நாம்தான் அதை வீணடிக்கிறோம். அல்லைடு பேப்பரை 'பாஸ் ஆனால் போதும்' என்று ஓட்டாதீர்கள். இயற்பியல் மாணவிக்கு அல்லைடு வேதியியல்தான் நரம்பறிவியலுக்கான முதல் படி. நான்-மேஜர் எலெக்டிவ் எடுக்கும்போது எந்த மேடம் மார்க் அள்ளிப் போடுவார் என்று விசாரிப்பது வழக்கம். அதை விட்டுவிட்டு, உங்களுக்கு வராத துறையில் ஒன்று எடுங்கள். புள்ளியியல் எந்த வடிவத்தில் கிடைத்தாலும் விடாதீர்கள். மூளை ஆராய்ச்சியில் பாதிச் சண்டை புள்ளியியல் சண்டைதான்.

ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடிஇஎல்-லில் மூளை பற்றியும் நரம்பு மாதிரிகள் பற்றியும் ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் பாடங்கள் உண்டு. பார்ப்பது இலவசம், சர்டிபிகேட் வேண்டுமென்றால் பரீட்சைக்குப் பணம் கட்டி நேரில் போய் எழுத வேண்டும். ஒரு செமஸ்டருக்கு ஒன்று போதும். அதையாவது அசைன்மென்ட்டோடு முடியுங்கள்.

வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் துறை அல்லாத ஒருவரோடு பேசுங்கள். ஷிஃப்ட் 1 முடித்து விலங்கியல் படிக்கும் தோழியும், கணக்குப் படிக்கும் நீங்களும் கேன்டீனில் ஒரே கட்டுரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒருத்திக்குப் புரியாத இடம் இன்னொருத்திக்குப் புரியும். துறை தாண்டிப் படிப்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன் 1954-லேயே கொலாஜன் புரதத்தின் அமைப்பைச் சொன்னார். 1963-ல் அவரும் சகாக்களும் போட்ட புரத வரைபடத்தை இன்றைக்கும் உலகம் முழுக்க உயிர்வேதியியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

வீட்டில் இடமில்லை, டிவி சத்தம் என்றால், கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது. கடற்கரை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரத்தில் இறங்கி அண்ணா நூற்றாண்டு நூலகம். அதே ரயிலில் தரமணி போனால் கணித அறிவியல் நிறுவனமும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் வளாகமும். பொது உரை நடக்கும் நாளில் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள்.

எங்க காலேஜ்ல லேப்பே சரியில்ல. மைக்ராஸ்கோப்புக்குக் கூட க்யூ. என்ன ஆராய்ச்சி பண்றது?

முப்பது சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேல் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்கிறேன்.

தோழி ஸ்கேலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடிக்கட்டும். கீழ்முனையில் இருக்கும் பூஜ்யம் உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், தொடாமல். சொல்லாமல் கொள்ளாமல் அவள் விட வேண்டும், நீங்கள் பிடிக்க வேண்டும். பிடித்த இடத்தின் அளவைக் குறியுங்கள். 20 சென்டிமீட்டர் என்றால், விழும் பொருளின் சமன்பாட்டில் போட்டால் 0.20 விநாடி. இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவள் விடும் அதே நொடியில் "விடு" என்று சொல்லட்டும். பலமுறை செய்து சராசரி எடுங்கள். பொதுவாகக் காதால் கேட்டுப் பிடிப்பது சீக்கிரம் நடக்கும். 12 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.16 விநாடிக்குக் கொஞ்சம் குறைவு.

இங்கிருந்துதான் வேலை ஆரம்பம். ஒளி ஒலியைவிட வேகமானதாயிற்றே, கண் ஏன் பின்தங்குகிறது? விழித்திரையில் ஒளி பட்டதும் ஒரு வேதிவினை இன்னொன்றைத் தூண்டி, அது மற்றொன்றைத் தூண்டி, அப்புறம்தான் மின்மாற்றம் வருகிறது. காதின் உள்ளே இருக்கும் மயிர்ச் செல்லில் அந்தச் சுற்றுவழி இல்லை. மயிர் சாய்ந்ததும் அயனிக் கதவு நேராகவே திறக்கிறது. ஆக, ஸ்கேல் விழுவது இயற்பியல், கண்ணின் தாமதம் உயிர்வேதியியல், காதின் வேகம் இயந்திரவியல். சரி, மூளையின் இயக்கப் பகுதியிலிருந்து கைத்தசைக்குச் செய்தி வர எவ்வளவு நேரம்? ஏறக்குறைய 20 மில்லிவிநாடிதான். மிச்ச நேரமெல்லாம் எங்கே போனது? பார்த்ததைப் புரிந்துகொள்வதிலும் முடிவெடுப்பதிலும் தசை இழுப்பதிலும். அது உளவியலின் பேட்டை. நரம்பில் செய்தி போக நேரம் பிடிக்கும் என்பதையே 1850 வாக்கில் தவளைக் காலை வைத்து அளந்து காட்டியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவர் படித்தது மருத்துவம், பின்னாளில் இயற்பியல் பேராசிரியர்.

இப்போது நம்ம ஏரியாவுக்கு வாருங்கள். தெருவுக்குத் தெரு கேரம் கிளப். புது வண்ணாரப்பேட்டையிலிருந்து போன காசிமா 2024-ல் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். கிளப்பில் தினமும் ஆடும் பத்துப் பேர், ஆடாத பத்துப் பேர், ஸ்கேலோடு போய் அளந்து பாருங்கள். வித்தியாசம் வந்தால் உடனே 'கேரம் ஆடினால் மூளை வேகமாகும்' என்று எழுதிவிடாதீர்கள். ஏற்கெனவே கை வேகமாக இருக்கிறவர்கள்தான் கேரமில் நிலைத்தார்களோ என்னவோ. இரண்டு கூட்டத்துக்கும் வயது ஒன்றுதானா? ஸ்கேலை விடுகிற தோழிக்கு யார் எந்தக் கூட்டம் என்று தெரியுமா? அவள் கைகூடத் தன்னையறியாமல் மாறலாம். இந்தச் சந்தேகங்களை எழுதி வைக்கிறவருக்குத்தான் ஆராய்ச்சி கைவரும். லேப் அப்புறம் வரட்டும். இன்னொன்று, வகுப்புப் பயிற்சியைத் தாண்டி இதைக் கட்டுரையாக வெளியிட நினைத்தால், அளக்கும் முன்பே காலேஜ் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஆட்களின் சம்மதமும் வாங்க வேண்டும்.

இலவசத் தரவும் இணையத்தில் குவிந்து கிடக்கிறது. பழ ஈயின் முழு மூளை இணைப்புப் படம் 2024-ல் வெளியானது. 1,39,255 நரம்புச் செல்கள், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நம் ஐஐடி மெட்ராஸின் மூளை மையமும் அதே ஆண்டு டிசம்பரில் 'தாரணி' என்ற பெயரில் கருவிலிருக்கும் சிசுவின் மூளை வரைபடத்தைப் பொதுவில் வைத்தது. மெல்லியதாகச் சீவிய 5,132 துண்டுகளின் படங்கள்.

நம்ம ஏரியாவை வச்சு கேரம் தவிர வேற ஏதாவது கேள்வி இருக்கா?

நிறைய. காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் கூடிவிடுகிறது. உடம்பின் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈயில் கண்டுபிடித்ததற்கு 2017-ல் நோபல் கொடுத்தார்கள். ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தகரக் கூரைக்குக் கீழே தூங்குகிறவரின் கடிகாரத்துக்கு என்ன ஆகிறது? நம்ம பக்கம் குத்துச்சண்டை பரம்பரைச் சொத்து. தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குகிறவர்களுக்குத் தள்ளாட்டமும் மறதியும் வருவதை அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதினார். பழைய பேட்டரி உருக்கும் பட்டறைகளிலிருந்து வரும் ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் எந்தக் கேள்வியை எடுத்தாலும் ஒரு துறையை வைத்துக்கொண்டு முடிக்க முடியாது. இளநிலையில் தீர்க்கவும் முடியாது. ஆனால் எதைப் படிக்க வேண்டும் என்று கேள்வியே சொல்லிக்கொடுக்கும். அதனால்தான் பாடப் பட்டியலைவிட முதலில் ஒரு கேள்வியைப் பிடியுங்கள் என்கிறேன்.

எலி, தவளை எல்லாம் வெட்டணுமா?

இளநிலையில் வேண்டாம். விலங்கியல் வகுப்பில் அறுவையை நிறுத்தும்படி 2014-லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லிவிட்டது. பின்னால் ஆராய்ச்சியிலும் விலங்கைத் தொடாத பிரிவுகள் ஏராளம்.

கோடிங் கட்டாயமா?

கட்டாயம். பைத்தான் என்ற கணினி மொழி. லேப்டாப் இல்லையென்றால் காலேஜ் கணினியில், பிரவுசரிலேயே எழுதிப் பழகலாம். இதில் மட்டும் சலுகை கிடையாது.

தமிழ் மீடியம் அக்கா. இங்கிலீஷ் புக்கைத் திறந்தாலே தலை சுத்துது.

பள்ளிக் கல்வித் துறையின் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. ஒரே பாடத்தின் இரண்டு பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பத்தி பத்தியாகப் படியுங்கள். முதல் மாதம் ஊர்ந்துதான் போகும். கலைச்சொற்கள் சில நூறுதான், அவை திரும்பத் திரும்ப வரும். கட்டுரை படிக்கும்போது முதலில் படங்களையும் அவற்றின் கீழே உள்ள குறிப்பையும் மட்டும் பாருங்கள். மூளை ஆராய்ச்சிக் கட்டுரையில் பாதிக் கதை படத்திலேயே இருக்கும். இங்கிலீஷ் பேசத் தயங்குவதை அறிவுக் குறை என்று நினைக்கிறவர்களை வழியில் சந்திப்பீர்கள். அவர்களுக்காக நேரம் செலவழிக்க வேண்டாம்.

மூணு வருஷம் முடிச்சதும் எங்க போறது? சம்பளம் வருமா?

பி.எஸ்சியோடு நிறுத்தினால் இந்தத் துறையில் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. வீட்டில் உடனே சம்பளம் வேண்டும் என்ற நிலை இருந்தால், கோடிங்கும் புள்ளியியலும் கையில் இருக்கும் மாணவிக்குத் தரவு சம்பந்தப்பட்ட வேலைகள் உண்டு. வேலைக்குப் போய்விட்டுத் திரும்ப வந்தவர்களும் இருக்கிறார்கள்.

மேலே படிக்க: எம்.எஸ்சிக்கு மற்ற ஐஐடிகள் போக, ஹைதராபாத், அலகாபாத் பல்கலைக்கழகங்களிலும் ஐஐடி காந்திநகரிலும் மூளை, அறிதல் சார்ந்த முதுநிலைகள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) பி.எஸ்சி முடித்ததுமே சேரக்கூடிய ஒருங்கிணைந்த பிஎச்டி உண்டு. பெங்களூரில் இருக்கும் உயிரியல் ஆய்வு மையம் என்சிபிஎஸ், மனநல, நரம்பியல் நிறுவனம் நிம்ஹான்ஸ், மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் ஆகியவற்றின் அறிவிப்புகளையும் பாருங்கள். முதுநிலை, பிஎச்டி சேர்க்கைக்கான ஜாம், ஜேஜிஇஇபிஐஎல்எஸ் நுழைவுத் தேர்வுகளின் பழைய கேள்வித்தாள்களை இரண்டாம் ஆண்டிலேயே எடுத்துப் பாருங்கள். பிஎச்டியில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. வீட்டு வாடகைப் படி தனி. 'இத்தனை வயசுக்கும் படிச்சுட்டே இருக்கா' என்று கேட்கும் சொந்தக்காரரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

அதுவரைக்கும் செலவு?

ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய், பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். காலேஜ் ஆபீசில் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று நீங்களே போய்க் கேளுங்கள், தானாக நகராது. கோடையில் நாட்டின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சிப் பயிற்சிக்குப் போனால் இரண்டு மாதம் உதவித்தொகையோடு ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கலாம். அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வந்துவிடும். மே மாதம் தேடினால் கிடைக்காது.

பேராசிரியருக்கு மெயில் போட்டா பதிலே வரதில்ல. எப்படி எழுதறது?

நான் பார்த்த மெயில்களில் பாதி, "மதிப்பிற்குரிய ஐயா, மூளை மீது எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று ஆரம்பித்து, நூறு பேருக்கு ஒரே நேரத்தில் போனவை. அவை திறக்கப்படுவதே இல்லை. ஒருவருடைய ஒரு கட்டுரையை எடுங்கள். முழுக்கப் புரிய வேண்டியதில்லை. உதாரணமாக இப்படி எழுதலாம்: "உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் காட்டியிருக்கிறீர்கள். வயதைக் கணக்கில் எடுத்த பிறகும் அது நிற்குமா? நான் வண்ணாரப்பேட்டையில் இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கிறேன். பைத்தானில் இந்தத் தரவை மறுபடி வரைந்து பார்த்தேன், இணைத்திருக்கிறேன். கோடையில் ஆறு வாரம் உங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை கற்றுக்கொள்ள இடம் இருக்குமா?" அவ்வளவுதான். மார்க் ஷீட்டை ஒரே பிடிஎஃப்பாக இணையுங்கள், போனில் கோணலாக எடுத்த போட்டோ வேண்டாம். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு, புதிதாக எழுதுங்கள்.